ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும் சாமான்கள்: பேண்டம் மோட்டார் சைக்கிளின் வரலாறு

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வீட்டுக் கோடியில் நிற்பதைக் கண்டால் "ஏன் ஓடுவதில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "எஞ்சின் போய்விட்டது" என்றுதான் பதில் வரும். கடந்த ஒரு வருடமாக அப்படிப்பட்ட ஒரு எஞ்சினைக் கழற்றி, கழுவி, பூட்டிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அந்தப் பதில் இப்போது சரியாகப் படவில்லை. எஞ்சின் எங்கேயும் போவதில்லை. பாரமான சாமான்கள் ஐம்பது அறுபது வருடமானாலும் அதே மூலையில் கிடக்கின்றன. போவதெல்லாம் சின்னச் சாமான்கள்தான்.

எங்கள் கைக்கு வந்தது 1950களில் ஓடிய ஒரு பி.எஸ்.ஏ. பேண்டம் டி1. எங்களூரில் ஆரம்ப காலத்தில் பயிற்றப்பட்ட ஆசிரியராக இருந்த ஒருவருடையது. எத்தனையோ பாடசாலைகளுக்கு அவர் அதிலேதான் போய் வந்தார். அவர் மவுத்தாகிப் பல வருடங்கள் கழிந்தும் குடும்பத்தார் அதை விற்கவில்லை. "ஒரு தடவை ஓடுற சத்தத்தைக் கேட்டாப் போதும்" என்று சொல்லி எங்களிடம் தந்தார்கள். நாங்கள் நான்கு பேர். மூவர் ஆசிரியர்கள், ஒருவர் லேத் பட்டறை வைத்திருப்பவர்.

கழற்றிப் பார்த்தோம். கிராங்க் கேஸ் இரண்டு பாதியும் இருந்தன. சிலிண்டர், கிராங்க் தண்டு, கியர்ச் சக்கரங்கள் எல்லாம் இருந்தன. பேரிங் தேய்ந்திருந்தது, ஆனால் பேரிங்குக்கு அளவும் இலக்கமும் உண்டு, கடைக்காரர் பார்த்துத் தருவார். இல்லாமலிருந்தவை இவை: பிஸ்டன் பின்னை நிறுத்தும் வளையக் கிளிப் ஒன்று, தண்டோடு சக்கரத்தைப் பூட்டும் அரைநிலா வடிவச் சாவி, கிராங்க் கேஸின் அடியில் வரும் வடிகால் ஸ்க்ரூ, கிளச் தள்ளு கம்பியோடு வரும் உருக்குக் குண்டு, கிளச் தட்டிலுள்ள தக்கைகளில் பாதி, காபரேட்டர் ஊசியின் கிளிப், மூடியின் ஸ்க்ரூ நான்கு. தக்கையை விட்டுப் பார்த்தால் மற்ற எல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். இந்தத் தீப்பெட்டி இல்லாததால்தான் அந்தப் பைக் இத்தனை காலம் நின்றது.

இவற்றைத் தேடிப் போனபோது படித்ததையும் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

*சாக்சனியில் பிறந்த எஞ்சின்*

பேண்டம் என்றால் சின்னஞ்சிறு கோழி இனம். அந்தச் சேவலின் படம் பைக்கின் பெற்றோல் டாங்கியில் இருக்கும். ஜாவாவிலுள்ள பான்டென் துறைமுகத்தின் பெயரிலிருந்துதான் ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் போனது. பைக்கைச் செய்தது இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலிருந்த பி.எஸ்.ஏ. கம்பனி. ஆனால் எஞ்சினின் பூர்வீகம் இங்கிலாந்து இல்லை, ஜேர்மனி.

ஜேர்மனியின் சாக்சனி மாநிலத்தில் ட்சோப்பாவ் என்றொரு சிறு நகரம். அங்கேதான் டி.கே.டபிள்யூ. கம்பனி இருந்தது. அதை உருவாக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்முசன். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் அன்றைக்கு அவர்களை வெல்ல ஆளில்லை. அந்தக் கம்பனியின் பிரதான வடிவமைப்பாளரான ஹேர்மன் வெபர் 1939 இல் வெளிவந்த ஆர்.டி. 125 என்ற சிறிய பைக்கை வடிவமைத்தார். சிலிண்டரின் விட்டம் 52 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓடும் தூரம் 58 மில்லிமீற்றர், கொள்ளளவு 123 சி.சி. எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டுக்குள். பாகங்கள் குறைவு, திருத்துவது இலகு, செலவும் குறைவு.

அதே ஆண்டு யுத்தம் தொடங்கியது. யுத்தம் முடிந்தபோது ஜேர்மனி தோற்றிருந்தது. தோற்ற நாட்டின் இயந்திரங்களையும் வரைபடங்களையும் வென்ற நாடுகள் இழப்பீடாக எடுத்துக்கொண்டன. ட்சோப்பாவ் சோவியத் பகுதிக்குள் விழுந்தது. தொழிற்சாலையின் இயந்திரங்கள் கழற்றிக்கொண்டு போகப்பட்டன. வெபரும் சோவியத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கேயே இறந்தார்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். சோவியத் யூனியன் அந்த எஞ்சினை மொஸ்க்வா என்ற பெயரில் செய்தது. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் கம்பனி 1948 இல் தன் 125 ஐக் கொண்டு வந்தது. பேர்மிங்ஹாமில் அது பேண்டம் ஆனது. கிழக்கு ஜேர்மனியில் பழைய தொழிற்சாலையிலேயே மீண்டும் செய்தார்கள். மேற்கு ஜேர்மனியில் இங்கோல்ஸ்டாட் நகரில் டி.கே.டபிள்யூ. மறுபடி எழுந்து அதே பைக்கைச் செய்தது. 1955 இல் ஜப்பானில் இசைக்கருவிகள் செய்துவந்த ஒரு கம்பனி தன் முதல் மோட்டார் சைக்கிளுக்கு இதே ஆர்.டி. 125 ஐத்தான் மாதிரியாக எடுத்தது. அந்த முதல் பைக்கின் பெயர் வை.ஏ. 1. கம்பனியின் பெயர் யமஹா. இன்று நம் தெருவில் ஓடும் யமஹாக்களின் மூதாதையும், எங்கள் பட்டறை மேசையில் கிடக்கும் பேண்டமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இதை முதலில் படித்தபோது எங்களுக்கு நல்ல சந்தோஷம். இத்தனை நாட்டில் செய்த எஞ்சின் என்றால் எங்காவது சாமான் கிடைக்கும்தானே? அது அப்படி நடப்பதில்லை.

*கண்ணாடியில் பார்த்த பிரதி*

பி.எஸ்.ஏ. வரைபடத்தை அப்படியே எடுக்கவில்லை. கண்ணாடியில் பார்ப்பதைப் போல இடம் வலம் மாற்றியது. அன்றைய பிரித்தானிய பைக்குகளில் கியர் மிதி வலது காலில் இருக்கும். ஜேர்மன் பைக்கிலோ இடது காலில். பிரித்தானிய ஓட்டுநருக்காக முழு எஞ்சினும் திருப்பி வரையப்பட்டது.

அதோடு சிலிண்டரின் 52க்கு 58 என்ற மில்லிமீற்றர் அளவு மாறாமல் நின்றது. ஆனால் ஸ்க்ரூ, நட், போல்ட் எல்லாம் அங்குலத்துக்கு மாறின. பேர்மிங்ஹாம் தொழிற்சாலையின் கருவிகள், தொழிலாளியின் கை, உதிரிப்பாகக் களஞ்சியம் எல்லாமே அங்குலத்தில் இருந்தன. ஆகவே பேண்டத்தின் இதயம் மில்லிமீற்றர், அதைப் பிடித்து நிறுத்தும் ஆணிகள் அங்குலம். பெரிய பாகங்களில் உறவு தெரியும். சின்னப் பாகங்களில் ஒவ்வொரு நாடும் தன் வழியில் போனது.

1948 ஆம் ஆண்டில் மூன்று விடயங்கள் நடந்தன. பெப்ரவரி 4 இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. ஜூன் மாதம் பி.எஸ்.ஏ. பேண்டத்தை அறிவித்தது, அதுவும் முதலில் ஏற்றுமதிக்கு மட்டும். யுத்தக் கடனில் மூழ்கியிருந்த பிரித்தானியாவுக்கு வெளிநாட்டுப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. பிறகுதான் உள்ளூர்ச் சந்தைக்கு வந்தது, வரி நீங்கலாக 60 பவுண் விலையில். நவம்பர் 18 இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா மூன்றும் வொஷிங்டனில் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. இனிமேல் மூன்று நாடுகளும் ஒரே வகையான ஸ்க்ரூப் புரியைப் பயன்படுத்துவோம் என்பது அதன் சாரம். யுத்தத்தில் ஒரு நாட்டின் போல்ட் மற்ற நாட்டின் நட்டுக்குப் பொருந்தாமல் பட்ட பாடுதான் அதற்குக் காரணம்.

அதாவது, பேண்டம் பிறந்த அதே வருடத்திலேயே அதன் ஆணிகள் பழையவை என்று கையெழுத்தாகிவிட்டது. ஆனாலும் பிரித்தானிய மோட்டார் சைக்கிள் கம்பனிகள் பழைய புரிகளை உடனே விடவில்லை. பல வருடங்கள் அதே வழியில் ஓடின.

*கால் அங்குலத்தின் கதை*

இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். சின்னச் சாமான் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கான விளக்கம் இங்கேதான் இருக்கிறது.

200 வருடங்களுக்கு முன்பு ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு ஸ்க்ரூ செய்தது. ஒரு பட்டறையின் நட் மற்றப் பட்டறையின் போல்ட்டில் ஏறாது. இங்கிலாந்தின் ஜோசப் விட்வேர்த் என்ற பொறியியலாளர் பல பட்டறைகளின் ஸ்க்ரூக்களைச் சேகரித்து, அளந்து, சராசரி எடுத்து, 1841 இல் ஒரு பொது அளவை முன்வைத்தார். புரியின் கோணம் 55 பாகை. கால் அங்குல ஸ்க்ரூவுக்கு அங்குலத்துக்கு 20 புரி. 1864 இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் இன்னொரு அளவைச் சொன்னார். அவருடைய கோணம் 60 பாகை. வரைவதும் வெட்டுவதும் இலகு என்பது அவரது வாதம். பிறகு பிரித்தானியாவிலேயே, விட்வேர்த் கோணத்தில் நுண்ணிய புரி ஒன்று வந்தது. அதில் கால் அங்குலத்துக்கு 26 புரி. சைக்கிள் பொறியியலாளர்கள் 1902 இல் தமக்கெனத் தனிப் புரி வகுத்தார்கள். அதிலும் கால் அங்குலத்துக்கு 26 புரி, ஆனால் கோணம் 60 பாகை. 1948 ஒப்பந்தத்தின் நுண்ணிய புரியில் அது 28. நாம் இன்று கடையில் வாங்கும் எம்6 போல்ட்டில் விட்டம் 6 மில்லிமீற்றர், ஒரு புரிக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றர். அங்குலக் கணக்கில் சொன்னால் அங்குலத்துக்கு 25.4 புரி.

இப்போது எம்6 போல்ட் ஒன்றை எடுத்து, 26 புரி வெட்டிய கால் அங்குலத் துளையில் திருகுங்கள். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர். ஆகவே போல்ட் உள்ளே போகும். கையாலேயே போகும். இடைவெளி 25.4க்கும் 26க்கும்தான், கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் ஆட்டமிருக்கும். இறுக்கும்போது பிடிப்பதைப் போலவும் இருக்கும். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் கிராங்க் கேஸின் மென்மையான அலுமினியப் புரி சீவிக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பிறகு சரியான ஸ்க்ரூ கிடைத்தாலும் அந்தத் துளை அதைப் பிடிக்காது.

பைக்கின் மூடியில் இல்லாதிருந்த நான்கு ஸ்க்ரூக்களின் துளைகளில் இரண்டு இப்படித்தான் சீவப்பட்டிருந்தன. எப்போதோ யாரோ கையில் கிடைத்த போல்ட்டைப் போட்டு அவசர வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. காலையில் பாடசாலைக்குப் போக வேண்டிய ஒரு மாஸ்டரின் பைக்கை இரவோடிரவாக ஓட வைக்க வேண்டியிருந்திருக்கும்.

ஸ்பேனரிலும் இதே குழப்பம் உண்டு. விட்வேர்த் ஸ்பேனரில் கால் அங்குலம் என்று வெட்டியிருந்தால் அது ஸ்பேனர் வாயின் அளவு இல்லை. அந்த நட் ஏறும் போல்ட்டின் விட்டம். இது தெரியாமல் மில்லிமீற்றர் ஸ்பேனரை மாட்டித் திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கிப் போகும்.

*துவக்குக் கம்பனியும் பொருந்தும் பாகமும்*

பி.எஸ்.ஏ. என்பதன் விரிவு பேர்மிங்ஹாம் சிறு ஆயுதங்கள் என்பது. மூன்று துவக்குகளைச் சாய்த்து நிறுத்தியதுதான் அவர்களின் சின்னம். 1861 இல் பேர்மிங்ஹாம் துவக்குத் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து அந்தக் கம்பனியைத் தொடங்கினார்கள். அதுவரை துவக்கின் ஒவ்வொரு பாகத்தையும் கையால் அராவித்தான் பொருத்தினார்கள். ஒரு துவக்கின் பாகம் இன்னொன்றுக்குப் போகாது. அரச தொழிற்சாலையோ இயந்திரத்தால் பாகங்களைச் செய்யத் தொடங்கியிருந்தது. அங்கே எந்தப் பாகமும் எந்தத் துவக்குக்கும் பொருந்தும். அதற்கு ஈடுகொடுக்கத்தான் பி.எஸ்.ஏ. பிறந்தது. பிறகு சைக்கிள், 1910 முதல் மோட்டார் சைக்கிள். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியப் படைக்கு எம்20 என்ற பைக்கை மட்டும் ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் செய்தது. 1940 நவம்பரில் ஜேர்மன் குண்டுவீச்சில் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்த 53 பேர் இறந்தார்கள்.

பேண்டம் 1971 வரை வந்தது. மூன்றரை இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்தார்கள். பிரித்தானிய தபால் திணைக்களத்தின் தந்திப் பையன்கள் சிவப்புப் பேண்டத்தில் ஓடித் திரிந்தார்கள். 123 சி.சி. 148 ஆகி, பிறகு கிட்டத்தட்ட 175 ஆனது. மூன்று கியர் நான்கு ஆனது. இந்த மாற்றங்களாலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு பேண்டத்தின் சாமான் மற்றப் பேண்டத்தின் சாமானைப் போலவே தெரியும். போட்டால் ஒரு நூல் வித்தியாசத்தில் பொருந்தாது. எந்த மொடலுக்கு எந்தப் பாகம் என்பதைக் கம்பனியின் உதிரிப்பாகப் புத்தகம்தான் சொல்லும். பேண்டத்தின் பல பாகங்களின் இலக்கம் 90 என்று தொடங்கும். அந்தப் புத்தகம் கையில் இல்லாமல் கடைக்குப் போவது முகவரி இல்லாமல் கடிதம் போடுவதைப் போன்றது.

1973 இல் பி.எஸ்.ஏ. வீழ்ந்து வேறொரு கம்பனிக் கூட்டுக்குள் போனது. சில வருடங்களில் அந்தப் பெரிய தொழிற்சாலையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. பெயரை அண்மையில் ஓர் இந்திய நிறுவனம் வாங்கிப் புதிய பைக் விடுகிறது. ஆனால் ஒரு விடயத்தைக் கேளுங்கள். உலகெங்கும் சைக்கிள்களில் பெடல் தண்டு பொருந்தும் குழாயின் புரியை இன்றைக்கும் பி.எஸ்.ஏ. புரி என்றுதான் சொல்கிறார்கள். 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. பெடலின் புரியும் அங்குலம்தான்: 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20. பெரிய தொழிற்சாலை மண்ணாகிப் போனது. அதன் ஒரு சின்ன அளவு நம் பிள்ளைகளின் சைக்கிளுக்கு அடியில் இன்னும் சுழல்கிறது.

*பஞ்சிகாவத்தை*

நம் நாட்டில் என்ன நடந்தது? சுதந்திரத்துக்குப் பிறகும் கொஞ்சக் காலம் பிரித்தானியச் சாமான்கள் தாராளமாக வந்தன. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அது இன்னும் இறுகியது. அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்குப் பாணுக்கு வரிசையில் நின்றது ஞாபகமிருக்கும். பிஸ்டன் ரிங்குக்கு அலைந்தது மெக்கானிக்மாருக்கு ஞாபகமிருக்கும்.

அப்போதுதான் நம் பட்டறைகள் கைத்திறனில் உச்சத்துக்குப் போயின. இல்லாததைச் செய்தார்கள். ஒன்றை வெட்டி மற்றொன்றாக்கினார்கள். கழற்றிய எந்தச் சின்ன ஆணியையும் எறியவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகங்களின் சந்தையாக நாடெங்கும் பெயர் பெற்றது. நம்மவர்கள் பலரும் அங்கே கடை வைத்துப் பிழைத்தார்கள்.

1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. ஜப்பான் பைக்குகள் வெள்ளமாக வந்தன. அவை முழுக்க மில்லிமீற்றர். கடைகளின் இழுப்பறைகள் ஒவ்வொன்றாக மாறின. அங்குல ஸ்க்ரூக்கள் இருந்த இடத்தில் எம்6, எம்8 வந்தன. பழைய சரக்கு பின்னறைக்குப் போனது, பின்னறையிலிருந்து பழைய இரும்புக்குப் போனது.

நாங்கள் பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் முழுக்க நடந்தோம். வயதான கடைக்காரர் ஒருவர் எங்கள் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். "சேர், எஞ்சின் கேட்டா தேடித் தாறன். இந்தச் சின்னச் சாமான்கள யாரு சேர் வெச்சிருக்கப் போற?" என்றார். பிறகு ஒரு தேத்தண்ணி வரவழைத்துத் தந்துவிட்டு, பின்னறைக்குப் போய்ச் சல்லடை போட்டார். மூடியின் ஸ்க்ரூ இரண்டு கிடைத்தன. காசு வாங்க மறுத்துவிட்டார்.

*ஒவ்வொன்றாக*

மீதியை எப்படித் தேடினோம் என்பதையும் எழுதிவைக்கிறோம். யாருக்காவது உதவும்.

உருக்குக் குண்டு எங்களூர் சைக்கிள் கடையிலேயே இருந்தது. சைக்கிள் குண்டுகள் இன்றும் அங்குல அளவில்தான் வருகின்றன. கொழும்புக்கு எடுத்துக்கொண்டு போன அந்தச் சாமான் வீட்டிலிருந்து நூறு யார் தூரத்தில் கிடந்தது.

கிளச் தக்கைகள் இயற்கைத் தக்கை மரத்தின் பட்டையால் ஆனவை. எண்ணெய்க்குள் ஓடினாலும் பிடிப்பு விடாது என்பதால் அந்தக் காலத்தில் அதைப் பயன்படுத்தினார்கள். புதிதாக எங்கே தேடுவது என்று யோசித்தபோது எங்களில் ஒருவருக்கு விஞ்ஞான ஆய்வுகூடம் ஞாபகம் வந்தது. குடுவை அடைக்கும் பழைய தக்கைகள், பாவனையிலிருந்து கழித்தவை, ஒரு பெட்டி நிறைய இருந்தன. அளவுக்கு வெட்டி, சுடுநீரில் ஊறவைத்து, தட்டின் துளைகளில் அழுத்தி, காய்ந்தபின் கண்ணாடியில் மணற்தாள் விரித்துத் தேய்த்துச் சமப்படுத்தினோம்.

காபரேட்டர் ஊசிக் கிளிப் நகத்தளவுதான் இருக்கும். ஊசி எந்த உயரத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்துத்தான் பெற்றோல் கூடுவதும் குறைவதும். பழைய கடிகார ஸ்பிரிங் ஒன்றை வெட்டி அதைச் செய்தோம். இந்த அமல் காபரேட்டரும் மூன்று கம்பனிகள் 1920களின் கடைசியில் ஒன்றாகிச் செய்தது. பெயரே அந்த ஒன்றிணைப்பிலிருந்து வந்தது.

அரைநிலாச் சாவியைப் பெரிய சாவி ஒன்றிலிருந்து அராவி எடுத்தோம். சக்கரம் தன் இடத்தை விட்டு நகராமல் இருப்பது இதனால்தான். நகர்ந்தால் பொறி நேரம் தவறும். இதைத் தண்டை விடக் கடினமான உருக்கில் செய்யக்கூடாது. அறுவதென்றால் சாவி அறட்டும், தண்டு பிழைக்க வேண்டும்.

வடிகால் ஸ்க்ரூ பெரிய வேலை வைத்தது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் கேஸுக்குள்ளே காற்று அழுத்தம் உருவாக வேண்டும். அடியில் ஒரு ஸ்க்ரூ ஒழுகினாலும் எஞ்சின் சோர்ந்துவிடும். துளையின் புரியை அளக்க, மென்மையான மரக்குச்சி ஒன்றை அதற்குள் திருகி எடுத்தோம். குச்சியில் புரி பதிந்து வந்தது. அதன்மேல் புரி அளவியை வைத்துப் பார்த்தபோது அங்குலப் புரி என்பது உறுதியானது. எங்கள் லேத்கார நண்பரிடம் அவருடைய வாப்பா விட்டுப்போன பழைய பிரித்தானிய லேத் இருக்கிறது. அங்குலப் புரி வெட்டுவதற்கென்றே செய்தது. உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் இரண்டு மாணவர்களைப் பக்கத்தில் நிறுத்தி, அவர்கள் கையாலேயே அதைக் கடைந்தோம். சீவப்பட்ட இரண்டு துளைகளுக்கும் உறை போட்டுப் புதுப் புரி வெட்டியதும், குறைந்த இரண்டு மூடி ஸ்க்ரூக்களைக் கடைந்ததும் அவர்கள்தான்.

வளையக் கிளிப்பை மட்டும் நாங்கள் செய்யத் துணியவில்லை. அது கழன்றால் பிஸ்டன் பின் நகர்ந்து சிலிண்டரைக் கீறிவிடும். இங்கிலாந்தில் பேண்டத்துக்கு இன்றும் சாமான் செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். இலக்கத்தைச் சொல்லி, அங்கேயுள்ள உறவினர் ஒருவர் மூலம் ஒரு சோடி எடுப்பித்தோம். சாமானின் விலை சொற்பம், அனுப்பிய செலவு அதைப் போலப் பல மடங்கு.

*ஒரு தகர டின்*

இந்தத் தேடலில் எங்களை மிகவும் வருத்திய விடயம் வேறு. எங்களூரில் பழைய பிரித்தானிய பைக்குகளைத் திருத்திய ஒரு மெக்கானிக் இருந்தார். எல்லாரும் அவரை நானா என்றே கூப்பிட்டோம். அவருடைய பட்டறைச் சுவரோரம் பால்மா டின்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு. பெயர் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எந்த டின்னில் எது என்பது அவருக்குத் தெரியும். ஆணி ஒன்றை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தே "இது சைக்கிள் புரி, அது விட்வேர்த்" என்று சொல்வாராம்.

அவர் மவுத்தாகிச் சில காலத்தில் 2022 வந்தது. பெற்றோல் வரிசை, எரிவாயு வரிசை, வீட்டில் காசில்லை. பிள்ளைகள் அந்த டின்களைப் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்தார்கள். அவர்களைப் பிழை சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வராது. அன்றைக்கு அந்தக் காசு அரிசியாகியிருக்கும். ஆனால் நாங்கள் ஒரு வருடமாகத் தேடிய சாமான்களில் பாதியாவது அந்த டின்களில் கிடந்திருக்கும். அவருடைய விரல்கள் இல்லாதபோது அவை வெறும் இரும்பு. சாமான் கண்முன்னே கிடந்தாலும், அதன் பெயரும் அளவும் தெரிந்த ஆள் இல்லையென்றால் அது காணாமற் போனதுதான்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது ஒவ்வொரு வீட்டிலும் பழைய பைக்கைத் தூசி தட்டினோம். அன்றைக்குத் திருத்தத் தெரிந்தவர்களின் அருமை எல்லாருக்கும் விளங்கியது. அந்த நாட்கள் மறுபடி வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அதனால் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, எங்கள் கைக்கு வரும் ஒவ்வொரு சின்னச் சாமானின் படத்தையும் வரைந்து, பெயர், விட்டம், புரி, எந்த பைக்கில் எந்த இடம், எங்கே கிடைத்தது, எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறோம். இப்போது 40 பக்கம் தாண்டிவிட்டது. எழுதுவது மாணவர்கள்.

உங்கள் வீட்டில் வாப்பாவோ மூத்தாப்பாவோ விட்டுப்போன ஆணி டின் இருந்தால் நிறுத்துக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை எங்களுக்குக் காட்டுங்கள். உங்கள் சாமான் எங்களுக்கு வேண்டாம். அளந்து, பெயர் எழுதி, திருப்பித் தருவோம். பழைய உதிரிப்பாகப் புத்தகம் இருந்தால் படம் எடுத்துவிட்டுத் தருவோம். அந்தக் காலத்தில் பட்டறையில் வேலை செய்த யாராவது இன்னும் நம்மோடு இருந்தால் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து கேட்டு எழுதுகிறோம். கேட்க வேண்டியவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

பேண்டத்துக்கு ஒயில் சீல் மாற்றுவதும் பற்றவைப்பைச் சரிபார்ப்பதும் மீதம். வரும் பாடசாலை விடுமுறைக்குள் முடிக்க எண்ணியிருக்கிறோம். முதல் உதையை மாஸ்டரின் வீட்டு வாசலில் வைத்துத்தான் கொடுப்போம் என்று அந்தக் குடும்பத்துக்குச் சொல்லியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.